வாசனைப் புகையிலையும் வருஷத் தடையும்

கும்மிடிப்பூண்டி மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில், விம்கோ நகரைத் தாண்டியதும் ஒரு புறம் உப்புக் காற்றும் மறு புறம் ஆலைகளின் நெடியும் மாறி மாறி முகத்தில் அடிக்க, கத்திவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, காலை எட்டரை மணி சுமாருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குப் பின்னால் தலையைச் சற்றே குனிந்து தரையைப் பார்த்தவாறு நடக்கிறவர், ஒரு விசித்திரத்தைக் காண்பார். தண்டவாளத்தின் ஓரத்திலும், சாக்கடை மூடியின் இடுக்கிலும், கண்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் வரிசை கட்டி நின்றுவிட்டுப் போன சாலையின் விளிம்பிலும், பச்சையும் சிவப்பும் வெள்ளியுமாகச் சின்னஞ்சிறு காலிப் பாக்கெட்டுகள் பளபளத்துக் கிடக்கும். நிமிர்ந்து பெட்டிக்கடைகளைப் பார்த்தாலோ, கடலை மிட்டாயும் ஷாம்பு சரமும் தொங்குகின்றனவே யன்றி, தரையில் கிடக்கும் சரக்கு ஒரு கடையிலும் தென்படாது. விற்றவர் எவரும் இல்லாத ஓர் ஊரில் வாங்கினவர்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

சர்க்கார் உத்தரவுப்படி 2013-ஆம் வருஷம் மே மாதம் முதல் தமிழ்நாட்டில் குட்காவையும், பான் மசாலாவையும், மணமூட்டியோ பிற பொருள்களோடு கலந்தோ வரும் மெல்லும் புகையிலைப் பண்டங்களையும், அவற்றுக்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும், தயாரிக்கவும் சேமித்து வைக்கவும் வண்டியில் ஏற்றிச் செல்லவும் விற்கவும் கூடாது. அந்தத் தடைக்கும் மேற்சொன்ன தரைக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றியே இங்கே எழுத உத்தேசம்.

கத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து, இப்போது திருவொற்றியூர் மண்டலத்தில் அடங்கிய ஊர். தெற்கே நாட்டுக்கெல்லாம் தீப்பெட்டி செய்து கொடுத்த விம்கோவின் பெயரைத் தாங்கிய பேட்டை. வடக்கே அனல் மின் நிலையமும் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரமும். கிழக்கே நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று மீனவர் குப்பங்கள். சுற்றிலும் லாரித் தொழிற்சாலையும் உரத் தொழிற்சாலையும் எண்ணெய்க் கிடங்குகளும். இப்படிப்பட்ட இடத்தில் மெல்லும் புகையிலை வேரூன்றியதற்குக் காரணம் ஜனங்களின் ஒழுக்கக் குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம்; ஆனால் அது உண்மையன்று. கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் ஈரக் கையோடும் எதிர்க் காற்றோடும் இருக்கிறவன் பீடி பற்றவைக்க முடியாது. எண்ணெயும் வாயுவும் நிறைந்த வளாகத்துக்குள் நெருப்புக்குச்சியைக் கொண்டு போகவே அநுமதி இல்லை. துறைமுகத்து வாசலில் முறைக்காகக் காத்திருக்கும் லாரி டிரைவர், தூங்கினால் வரிசையை இழப்பான். பசியையும் தூக்கத்தையும் சற்று நேரம் மறைத்து வைக்கிற, புகையும் நெருப்பும் இல்லாத, ஐந்து விரல் இடைவெளிக்குள் அடங்குகிற ஒரு வஸ்து இவர்களிடம் வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல. பீஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள்தாம் இதைக் கொண்டுவந்தார்கள் என்று சிலர் அவர்கள் தலையில் பழியைப் போடுகிறார்கள். அவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே பான்பராக் என்ற சொல் வடசென்னையின் பேச்சில் குடியேறிவிட்டது என்பதை வயதானவர்கள் அறிவார்கள்.

நெட்டுக்குப்பத்தில் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவிடம் இதுபற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவள் வாயிலும் வெற்றிலை இருந்தது. மடியில் சுண்ணாம்புக் கரண்டகமும், காய்ந்த புகையிலைத் துண்டும் இருந்தன. பேரன் எட்டாம் வகுப்பில் படிக்கிறானாம். உதட்டுக்கடியில் எதையோ வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறான் என்று ஒரு நாள் கண்டுபிடித்து, அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாளாம். "நீங்களே போடுகிறீர்களே, ஆயா, அவனை எப்படிக் கண்டிப்பது?" என்று கேட்டேன். "நான் போடறது போயிலை, சாமி. மொத தபா போட்டப்ப மூஞ்சிலியே அறைஞ்சி, வாந்தி எடுத்து, ரெண்டு நாளு கிறுகிறுத்துக் கெடந்தேன். இது மிட்டாய் கணக்கா கீது. வாயில வெச்சிப் பாத்தேன், சில்லுனு இனிக்குது. புள்ளைக்கு இன்னா தெரியும்?" என்றாள். வாசனைப் புகையிலையைப் பற்றி ராஜ்யங்களின் சட்டசபைகளில் நடந்த வாதங்களின் சாரம் அவ்வளவும் இந்த ஐந்து வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது.

ஏனெனில் புகையிலைக்கு இயற்கையே ஒரு காவலை வைத்திருக்கிறது. அதன் காறலும் எரிச்சலும் முதன்முறை மெல்லுகிறவனை உமிழச் செய்கின்றன. விக்கலும் தலைச்சுற்றலும் வந்து, பத்தில் பல பேரை அந்த வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஏலக்காயும், புதினாவும், ரோஜாவும், குங்குமப்பூ என்று பெயர் சொல்லும் எஸென்ஸும், சர்க்கரையின் இனிப்பும் செய்கிற வேலை அந்தக் காவலாளியைத் தூங்கவைப்பதுதான். புதினாச் சத்தான மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிட்டு எரிச்சலை மறக்கடிக்கிறது. கூடவே இருக்கும் சுண்ணாம்பு கலவையைக் காரமாக்குவதால், நிகோடின் கட்டறுந்து, வாயின் மெல்லிய தோல் வழியாக வெகு துரிதமாக ரத்தத்தில் ஏறுகிறது. பாக்கோ தன் பங்குக்கு ஒரு கிளர்ச்சியைக் கொடுக்கிறது. ஆக, மணம் அழைத்து வருகிறது. சுண்ணாம்பு கதவைத் திறக்கிறது. நிகோடின் உள்ளே வந்து தாழிட்டுக் கொள்கிறது.

குட்கா என்பது பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் காசுக்கட்டியும் மணப்பொருளும் சேர்த்து ஆலையில் செய்து வருவது. பான் மசாலா என்பது சட்டத்தின் கண்ணுக்குப் புகையிலை இல்லாதது. ஹான்ஸ் என்று வழங்குவது புகையிலைத் தூள். வணிகப் பெயரே பொதுப் பெயராகிவிட்டது. கூல் லிப் என்கிறது சிறு பையில் அடைத்து உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் புதினாச் சுவையுள்ள புகையிலை. துப்ப வேண்டியதில்லை யாதலால் வகுப்பறையில் ஆசிரியர் எதிரிலேயே வைத்துக்கொள்ளலாம். இவற்றோடு வடசென்னையில் புழங்கும் மற்றொரு சரக்கு மாவா: சீவல் பாக்கையும் புகையிலைத் தூளையும் சுண்ணாம்பையும் வீட்டுப் பின்கட்டில் பாலிதீன் தாளில் வைத்துக் கசக்கி, சின்னப் பொட்டலமாகக் கட்டி, தெரிந்த முகத்துக்கு மட்டும் கொடுப்பது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் சீட்டும் இல்லை. சொல்லக் கடமைப்பட்ட ஆளும் இல்லை.

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மெல்லும் புகையிலையை மட்டுமின்றி, புகையிலை சேராத வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. தாம்பூலத்தை மங்கலப் பொருளாகக் கருதும் நமக்கு இதைக் கேட்கச் சற்றே சங்கடமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. பாக்குக் கலவையைத் தொடர்ந்து வாயில் அடக்கி வைப்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத் தோல் வெளுத்து, நார் ஓடி, தோல்வாரைப் போல் இறுகுகிறது. காரம் பட்டால் எரிகிறது. பிறகு வாய் திறக்கும் அளவே நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறது. டாக்டர்கள் இதை சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். இது புற்றுநோய்க்கு முந்திய நிலை. இறுகிய நாரைப் பழையபடி நெகிழ வைக்கும் மருந்து இல்லை. ஆனால் பழக்கத்தை விட்டால் மேற்கொண்டு பரவுவது தணியும். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பல் வரிசைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். மூன்றும் நுழையவில்லை யானால், அல்லது வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், தாமதிக்காமல் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியும், கோட்டை ஸ்டேஷனுக்கு அருகில் உள்ள அரசினர் பல் மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. முற்றிய நோய்க்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் உண்டு. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோயே.

இனி, தடையின் சரித்திரத்துக்கு வருவோம். அதை ஒரு குடித்தனத்தின் கதையாகச் சொன்னால் சுலபமாக விளங்கும். இந்தத் தடைக்குச் சொந்த வீடு கிடையாது. அது பிறந்த நாள் முதல் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளி வருகிறது.

2001-ஆம் வருஷம் நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் முதன்முறையாகக் குட்காவைத் தடை செய்தபோது, அந்தத் தடை குடியேறியது 1954-ஆம் வருஷத்து உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தில். மகாராஷ்டிரம் முதலிய ராஜ்யங்களும் ஏறக்குறைய அப்படியே செய்தன. ஆனால் 2003-இல் பார்லிமெண்ட் புகையிலைக்கென்றே தனிச் சட்டம் ஒன்று இயற்றியது. அந்தச் சட்டம் புகையிலையை ஒழிக்கவில்லை; விளம்பரத்தைக் கட்டுப்படுத்தி, பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை அச்சிடச் செய்து, வயதையும் தூரத்தையும் வரையறுத்து, மற்றபடி வியாபாரத்தை அநுமதிக்கிறது. 2004-ஆம் வருஷம் ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், பான் மசாலாக் கம்பெனி ஒன்று தொடுத்த வழக்கில், கலப்படச் சட்டத்தின்கீழ் ராஜ்யத்து அதிகாரிக்கு இப்படித் தடை விதிக்கும் சுயேச்சையான அதிகாரம் இல்லை என்றும், பார்லிமெண்டே கட்டுப்படுத்தத் தீர்மானித்த ஒரு வியாபாரத்தை அவர் அடியோடு மூடிவிட முடியாது என்றும் தீர்ப்புக் கூறியது. முதல் வீடு காலியாயிற்று.

இரண்டாவது வீடு, 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் 2011-இல் வந்த விதியொன்று, எந்த உணவுப் பண்டத்திலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கலாகாது என்கிறது. குட்கா உணவுதான் என்று முந்திய வழக்கிலேயே முடிவாகி இருந்தபடியால், அந்த முடிவு இப்போது சர்க்காருக்கு உபயோகமாயிற்று. 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் வழிகாட்ட, 2013 மே மாதத்தில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா சட்டசபையில் அறிவித்து, அந்த மாதமே இங்கும் உத்தரவு வந்தது. ஆனால் அச்சட்டத்தின் 30-வது பிரிவு உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குக் கொடுக்கும் அதிகாரத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ராஜ்யம் முழுவதிலுமோ அதன் ஒரு பகுதியிலோ அவர் ஒரு பண்டத்தைத் தடுக்கலாம், ஆனால் ஒரு வருஷத்துக்கு மேற்படாமல். ஆகவே ஒவ்வொரு மே மாதமும் வாடகைப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று, புதுப்பித்தும் வந்தார்கள்.

வியாபாரம் சும்மா இருக்குமா? பாக்கும் புகையிலையும் ஒன்றாகக் கலந்திருந்தால்தானே குட்கா. இரண்டையும் தனித்தனிப் பாக்கெட்டாகப் போட்டு, இரண்டையும் ஒரே கையால் கொடுத்துவிட்டால், கலக்கும் பாவம் வாங்குகிறவனைச் சேர்ந்தது என்ற சாமர்த்தியம் நாடு முழுவதும் பரவிற்று. 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் இந்த இரட்டைப் பாக்கெட் தந்திரத்தைக் குறிப்பிட்டு, 2011-ஆம் வருஷத்து விதியை ராஜ்யங்கள் ஒழுங்காக அமல் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூலையில் வருமான வரி இலாகா, நம் வடசென்னையை ஒட்டிய செங்குன்றம் பக்கத்துக் குட்கா வியாபாரம் ஒன்றில் நடத்திய சோதனையில், தடையைக் காக்க வேண்டியவர்களுக்கே மாமூல் போனதாகச் சொல்லும் கணக்கு அகப்பட்டது என்ற செய்தி கிளம்பி, 2017 ஜூலையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் குட்காப் பாக்கெட்டுகளைச் சட்டசபைக்குள்ளேயே எடுத்துச் சென்று காட்ட, 2018 ஏப்ரலில் ஹைகோர்ட் அந்த விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. யார் குற்றவாளி என்பது கோர்ட்டின் காரியம். கடையில் கிடைக்காத பண்டம் சட்டசபையில் கிடைத்தது என்ற வேடிக்கையை மட்டும் ஜனங்கள் வெகு நாள் பேசினார்கள்.

2023 ஜனவரி 20-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டின் இருவர் பெஞ்சு, ஒரு வருஷத்துக்கென்று கொடுத்த அவசர அதிகாரத்தை வருஷா வருஷம் நீட்டி நிரந்தரத் தடையாக்கிக் கொள்ள ஆணையருக்கு உரிமை இல்லை என்று சொல்லி உத்தரவை ரத்துச் செய்தது. சர்க்கார் அப்பீல் செய்ய, ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. மே மாதத்தில் மறுபடியும் ஒரு வருஷத் தடை பிறந்தது. ஹைகோர்ட் சொன்ன காரணத்தைப் படித்துப் பார்த்தால், அது புகையிலைக்குப் பரிந்து பேசவில்லை என்பது தெரியும். ஒரு காரியம் நிரந்தரமாக நடக்க வேண்டுமானால், நிரந்தரமான சட்டத்தைச் சட்டசபையோ பார்லிமெண்டோ இயற்றட்டும் என்பதே அதன் கருத்து. அது நியாயமான கருத்து என்றே எனக்குத் தோன்றுகிறது. பொதுஜன சுகாதாரம் அரசியல் சட்டப்படி ராஜ்யத்தின் பொறுப்பு. 47-வது ஷரத்து அதைக் கடமையாகவே சொல்கிறது. அப்படியிருக்க, பத்து வருஷத்துக்கு மேலாக வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வழக்கிலும் சாமான்களை வாசலில் வைப்பார்களோ என்று நடுங்குவானேன்?

தடையே வேண்டாம் என்பவர்களின் வாதத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. கத்திவாக்கம் நெடுக டீக்கடையும் பெட்டிக்கடையும் நடத்துகிறவர்களில் ஒருவர் சொன்னார்: "நாம வெக்கலன்னா, அடுத்த கடையில வாங்கிக்கினு, டீயும் அங்கியே குடிச்சிட்டுப் போறான், சார்." சரக்கில் வரும் லாபத்தைவிட, அதை நாடி வரும் ஆளின் டீயும் பிஸ்கட்டும் போய்விடுமே என்ற பயமே பெரிது. அகப்பட்டுக் கொள்கிறவர் இந்தச் சின்னக் கடைக்காரர்; பல ராஜ்யங்களைத் தாண்டி மூட்டை மூட்டையாகச் சரக்கை அனுப்புகிறவர் அகப்படுவது அபூர்வம். தடையினால் அச்சிட்ட விலையைப் போல் பல மடங்கு கறுப்பு விலை ஏறி, கூலிக்காரன் சம்பாத்தியம் அதில் போகிறது. ஆலைச் சரக்கு முடங்கிய இடத்தில் மாவா முளைக்கிறது. இவ்வளவும் மெய்தான். தேசியக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: 2009-10-க்கும் 2016-17-க்கும் நடுவே இந்தியாவில் புகையிலை உபயோகிக்கும் பெரியவர்கள் 34.6 சதவிகிதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்தார்கள். தமிழ்நாட்டிலோ, தடை அமலில் இருந்தும், 16.2-லிருந்து 20.0 ஆக உயர்ந்தார்கள். தடைச் சீட்டை ஒட்டினால் போதும் என்று நம்பியவர்களுக்கு இதைவிடக் கசப்பான கணக்கு வேண்டாம்.

ஆயினும் இதிலிருந்து தடையை எடுத்துவிடு என்ற முடிவு வராது. மணத்தை விட்டுவிட்டு வயதையும் தூரத்தையும் மட்டும் காவல் காப்பது, தூண்டிலை விட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றி வேலி போடுவது போன்றது. உலகத்தில் பிற இடங்களிலும் வாதம் இங்கேதான் வந்து நின்றிருக்கிறது. அமெரிக்காவில் 2009-ஆம் வருஷத்துச் சட்டம் சிகரெட்டில் பழச்சுவைகளையெல்லாம் தடுத்துவிட்டு மென்தாலை மட்டும் விட்டுவைத்தது. அந்த ஓட்டையை அடைக்க நகரங்களும் ராஜ்யங்களும் தாமே முன்வந்தன. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து வாக்காளர்கள் 2018-இல் மணமூட்டிய புகையிலை அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை ஓட்டுப் போட்டு நிலைநிறுத்தினார்கள். மஸாச்சுஸெட்ஸ் 2019-இல் சட்டம் செய்தது. கலிபோர்னியாவில் சட்டசபை செய்த சட்டத்தைக் கம்பெனிகள் ஜனங்களின் வாக்கெடுப்புக்கு இழுத்துச் செல்ல, 2022 நவம்பரில் ஜனங்களும் தடைக்கே வாக்களித்தார்கள். ஐரோப்பிய யூனியன் 2020 மே மாதத்தில் மென்தால் சிகரெட்டை நிறுத்திற்று.

நம் நாட்டில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். மீனவனும் மூட்டை தூக்குகிறவனும் வாயில் போடும் வாசனைப் புகையிலை, உணவு என்ற பெயரால் தடைக்குள் வந்துவிட்டது. நடுவே குமிழ் வைத்து, அழுத்தினால் புதினாவோ பழமோ மணக்கும் சிகரெட், உணவல்லாத காரணத்தால் சட்டப்படியே கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டிலும் மணம் செய்யும் காரியம் ஒன்றே. ஏழையின் பொட்டலத்தைத் தூக்கிப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகும் அதே சாலையில், காலேஜ் பையன் குமிழ் சிகரெட்டைக் கேட்டு வாங்குவதைக் காணும்போது, வாடகை வீட்டின் கூரை எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது விளங்கும். மின் சிகரெட்டுக்கு மட்டும் 2019-இல் தனிச் சட்டம் பிறந்தது: முதல் முறை விற்றால் ஒரு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். மனம் வைத்தால் சொந்த வீடு கட்ட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. 2024 செப்டம்பரில் மதுரைக் கிளை ஹைகோர்ட்டும், ஜாமீன் மனுக்களை விசாரிக்கையில், பள்ளி மாணவரிடையே கூல் லிப் பரவுவதைக் கண்டு, அதைப் பாதுகாப்பற்ற உணவென்று அறிவித்து நாடு முழுவதும் ஏன் தடை செய்யலாகாது என்று வினவியது.

சொந்த வீடு வரும் வரையில், இருக்கிற வீட்டில் நமக்கு என்ன என்ன உரிமை உண்டு என்று தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, மெல்லுகிறவன் குற்றவாளி அல்லன். உத்தரவு தடுப்பது தயாரிப்பையும் சேமிப்பையும் போக்குவரத்தையும் விநியோகத்தையும் விற்பனையையும்தான். பழக்கத்தில் விழுந்தவன் ஆஸ்பத்திரிக்கோ புகார் கொடுக்கவோ போவதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டத்துக்குப் பற்கள் கூர்மை. 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 6-வது பிரிவு பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கும், கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள்ளும், சிகரெட் உள்பட எந்தப் புகையிலையையும் விற்கக்கூடாது என்கிறது. அதற்கு அபராதம் 200 ரூபாய் வரையில்தான் என்று தெரிந்து பலர் சிரிக்கிறார்கள். அவர்கள் 2015-ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவைப் படித்ததில்லை. குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுக்கிறவனுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. ஆதலால் பிள்ளையின் பையில் பாக்கெட் அகப்பட்டால், அவனை அடித்துவிட்டுப் பாக்கெட்டை அடுப்பில் போட வேண்டாம். எங்கே, யாரிடம், என்றைக்கு வாங்கினான் என்று பொறுமையாகக் கேட்டு எழுதி, பாக்கெட்டையும் பத்திரப்படுத்தி, தலைமை ஆசிரியரோடு போய் ஸ்டேஷனில் மனுக் கொடுத்து, இந்தப் பிரிவின் பெயரைச் சொல்லிக் கேட்டு, மனு ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைகளைப் பற்றிய புகாரை உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸப் எண்ணுக்கு, இடத்தின் அடையாளத்தோடு அனுப்பலாம். தடைப்பட்ட சரக்கு அகப்பட்டால் முதல் முறை 25,000 ரூபாய் அபராதமும் 15 நாள் கடையடைப்பும், இரண்டாம் முறை 50,000-மும் 30 நாளும், மூன்றாம் முறை ஒரு லட்சமும் 90 நாளும் என்று துறை வகுத்திருக்கிறது. வாங்கின பண்டத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, சாதாரணப் பிரஜையும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே நிபந்தனை. புகையிலை இல்லாதது என்று சொல்லி விற்கும் வாசனைப் பாக்குகளுக்கு இந்த வழி பெரிதும் உதவும்.

கடைக்காரருக்கும் உரிமைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது அநீதி. சோதனைக்கு வரும் அதிகாரி தம் அடையாளத்தைக் காட்ட வேண்டும். எடுத்ததற்கு ஜாபிதாவும் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். எடுத்த மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்பட வேண்டும். பகுப்பாய்வு முடிவு தவறென்று தோன்றினால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் அப்பீல் செய்யலாம். காரணமின்றித் தொல்லை கொடுக்கும் எண்ணத்தோடு சரக்கைப் பறிமுதல் செய்த அதிகாரிக்கு, 39-வது பிரிவின்கீழ் ஒரு லட்ச ரூபாய் வரை தண்டம் உண்டு; அதிகாரியின்மேல் பொய்ப் புகார் கொடுத்தவரையும் அதே பிரிவு விட்டுவைக்கவில்லை. மாமூல் கேட்கிறவரிடம் இந்தப் பிரிவைப் பணிவோடு எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். லஞ்ச ஒழிப்புத் துறையும் இருக்கிறது.

விட நினைக்கிறவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச டெலிபோன் எண் உண்டு. மெல்லும் புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அது அச்சிட்டிருக்கும். தமிழிலும் பேசலாம், ஒரு நாள் பேசியதோடு விடாமல் அவர்களே பின்னால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். முதல் மூன்று நாட்கள்தாம் கடினம். எரிச்சலும் தூக்கமின்மையும் வாய்ப் பரபரப்பும் அப்போது உச்சத்தில் இருந்து, பிறகு சில வாரங்களில் தணிகின்றன. வலைக்குப் போகாத நாளாகவோ, ஷிப்டு இல்லாத நாளாகவோ பார்த்து ஆரம்பிப்பது நலம். பழகிய கடை வழியாகப் போகாமல் வேறு தெருவில் போவது அதைவிட நலம்.

இதையெல்லாம் நெட்டுக்குப்பத்து ஆயாவிடம் சுருக்கமாகச் சொல்லி, அந்த டெலிபோன் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். காகிதம் மீன் தண்ணீரில் நனைந்து போகும் என்றாள். மடியிலிருந்த கரண்டகத்தைத் திறந்து, தன் சுண்ணாம்பையே நீட்டி, குடிசைக் கதவின் உட்புறத்தில் எழுதச் சொன்னாள். விரலால் பெரிது பெரிதாக எழுதினேன். கடைசி எண்ணுக்குச் சுண்ணாம்பு போதவில்லை. கரண்டகத்தை மறுபடியும் வழித்துக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு எனக்கும் வெத்தலைக்கு இல்லாம பண்ணிட்ட, போ" என்றாள்.